முன்பின் தெரியாதவர் எழுதிய நாலு வரி: கடைகளும் இடங்களும் பற்றிய இணையக் குறிப்புகள்

வெளியூருக்குப் போகிற நம்மவர் ஒருவருக்கு மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். எங்கே சாப்பிடலாம்? எங்கே தங்கலாம்? எங்கே தொழலாம்? முன்பெல்லாம் இதற்கு விடை சொல்ல அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் வேண்டும். இல்லாவிட்டால் பஸ் நிலையத்தில் நிற்கும் ஓட்டோக்காரரைக் கேட்க வேண்டும். அவர் தனக்குத் தெரிந்த கடையைச் சொல்வார், சில நேரம் தனக்குக் கமிஷன் தருகிற கடையையும் சொல்வார். இன்று அந்தக் கேள்விகளுக்கு முன்பின் தெரியாத மனிதர்கள் பதில் சொல்கிறார்கள். ஃபோனில் ‘கூகுள் மெப்’பைத் திறந்து கடையின் பெயரைத் தட்டினால், அங்கே ஏற்கனவே போய் வந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் வரிசையாக வந்து நிற்கும்.

இவற்றை எல்லோரும் ‘ரிவியூ’ என்கிறார்கள். ‘விமர்சனம்’ என்று எழுதினால் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நூல் விமர்சனமும் அதைத் தொடர்ந்த சண்டைகளுமே ஞாபகம் வரும். ஆகவே நானும் ரிவியூ என்றே எழுதுகிறேன். சில வருடங்களாக நான் ரிவியூக்களை வாசித்தும் எழுதியும் வருகிறேன். பென்ஷன் எடுத்த ஒரு வாத்தியாருக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சின்ன வேலை மனிதர்களை எப்படிச் சேர்க்கிறது, எங்கே உதவுகிறது, எங்கே ஆபத்தாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பழக்கம், புதிய கருவி

போன இடத்தைப் பற்றிப் பின்னால் வருபவருக்குச் சொல்லி வைப்பது மிகப் பழைய பழக்கம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா தன் பயண நூலில் இதைத்தான் செய்தார். புத்தளக் கரையில் இறங்கியதிலிருந்து பாவாதமலை ஏறி இறங்கியது வரை வழியில் கண்டவற்றைச் சொல்லிச் செல்கிறார். கொழும்பைச் செரந்தீபின் அழகிய பெரிய நகரங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். எந்த ஊரில் யார் அதிகாரம் செலுத்தினார், யார் உபசரித்தார் என்பதெல்லாம் அந்த நூலில் உண்டு. அதே வழியில் அடுத்து வருகிற ஒரு வணிகருக்கோ யாத்திரிகருக்கோ அது வெறும் கதையாக இருந்திருக்காது.

இன்னொரு உதாரணம் அமெரிக்காவில் இருந்து. நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் வாகனத்தில் வெளியூர் போனால், எந்த ஹோட்டலில் அறை கொடுப்பார்கள், எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட விடுவார்கள் என்று தெரியாது. தவறான இடத்தில் இறங்கினால் அவமானம், சில ஊர்களில் உயிருக்கே ஆபத்து. நியூயோர்க்கின் ஹார்லத்தைச் சேர்ந்த தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் ஒரு சிறு கைநூலை வெளியிடத் தொடங்கினார். ‘கிரீன் புக்’ என்று பெயர் பெற்ற அது, தங்களை மரியாதையாக நடத்தும் இடங்களின் பட்டியல். தங்கள் ஊர்த் தகவலை எழுதி அனுப்புமாறு அவர் வாசகர்களைக் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். முப்பது வருடங்கள் வரை அந்த நூல் வெளிவந்தது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் பயணங்களைத் தானே பாதுகாத்துக் கொண்ட வரலாறு அது.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது ‘ஸபீஹா’ என்ற இணையத்தளம். அமெரிக்காவில் ஹலால் உணவு கிடைக்கும் கடைகளைப் பட்டியலிட்டு, சாப்பிட்டவர்களே கருத்து எழுதும்படி 1998இல் ஷாஹித் அமானுல்லாஹ் என்பவர் அதை ஆரம்பித்தார். இன்று எல்லோரும் அறிந்த டிரிப்அட்வைசர் 2000இல்தான் வந்தது, யெல்ப் 2004இல், கூகுள் மெப் 2005இல். ‘எங்கே ஹலாலாகச் சாப்பிடலாம்’ என்ற நம்முடைய கேள்வி இந்தப் பெரிய கம்பனிகள் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு இணையத்துக்கு வந்துவிட்டது!

முன்பின் தெரியாதவர் சொல் ஏன் பயன்படுகிறது?

இதற்குப் பொருளியலில் ஒரு நல்ல விளக்கம் உண்டு. ஜோர்ஜ் அகர்லொஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் பாவித்த கார்ச் சந்தையை உதாரணமாக எடுத்தார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது எது கெட்டது என்று பிரித்தறிய முடியாததால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் சந்தையை விட்டுப் போய்விடுவார். கடைசியில் மிஞ்சுவது கெட்ட கார்கள். இந்த ஆய்வுத் துறைக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை நம் ஊருக்குக் கொண்டு வந்து பார்ப்போம். தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் பழைய கறியைச் சூடாக்கிக் கொடுத்தால் நாளைக்கு நாம் அங்கே போக மாட்டோம், பள்ளியில் நாலு பேரிடமும் சொல்லிவிடுவோம். அந்தப் பயம் அவருக்கு உண்டு. நெடுஞ்சாலையோரம் இரவு பஸ் நிறுத்துகிற கடைக்காரருக்கு அந்தப் பயம் இல்லை. இன்று வந்தவர் இனி எப்போது வரப்போகிறார்? ரிவியூ இந்தக் கணக்கை மாற்றுகிறது. ஒரே தடவை வந்து போகிறவருக்கும் அது ஒரு வாய் கொடுக்கிறது. வழிப்போக்கரும் ஊர்க்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். சுத்தமாகச் சமைத்தும் பெயர் தெரியாமல் கிடந்த கடைக்கும் அது நியாயம் செய்கிறது.

கடைசியாகச் சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ஹார்வர்ட் வணிகப் பாடசாலையின் மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தை யெல்ப் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடும்போது வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. ஆனால் இந்தக் கூடுதல் தனியார் நடத்தும் சிறிய உணவகங்களுக்கே கிடைத்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பனிக் கடைகளில் மாற்றம் தெரியவில்லை. காரணம் எளிது. பெரிய கடையில் என்ன கிடைக்கும் என்று ஏற்கனவே எல்லோருக்கும் தெரியும். ஒரு உம்மா வீட்டு முன்வாசலில் போடுகிற இடியாப்பக் கடையைப் பற்றித்தான் யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது தேவைகள்

இலங்கை முஸ்லிம்களுக்கு ரிவியூ தருகிற உதவி சற்று விசேஷமானது. முதலாவது ஹலால். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நடந்த பிரசாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பின்பு சான்று வழங்கும் பொறுப்பு ஜம்இய்யத்துல் உலமாவின் கையிலிருந்து விலகி, 2014 முதல் ஒரு தனி நிறுவனத்திடம் சென்றது. ஆனால் சிறிய சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் எந்தச் சான்றிதழும் தொங்குவதில்லை. நுவரெலியாவிலோ அநுராதபுரத்திலோ நிற்கும்போது நமக்குத் தேவை ஒரு சாதாரணத் தகவல்தான். ‘கடை நம்மட ஆக்கள்ர, கோழி எங்க எடுக்கிற எண்டும் கேட்டன், சொன்னாங்க’ என்று ஒருவர் எழுதி வைத்தால் போதும், ஒரு குடும்பம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும். அது சான்றிதழ் ஆகிவிடாது. ஆனால் எதுவும் தெரியாமல் நிற்பதை விட எவ்வளவோ மேல்.

இரண்டாவது தொழுகை. பள்ளிவாசலுக்கு நட்சத்திரம் போடுவதா என்று ஒரு நண்பர் என்னிடம் கோபப்பட்டார். கோபம் நியாயமானது, அல்லாஹ்வின் வீட்டுக்கு மதிப்பெண் போட நாம் யார்? நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள், எழுத்தைப் பாருங்கள். பெண்களுக்குத் தொழ இடம் உண்டா, அதற்குத் தனி வாசல் எந்தப் பக்கம், வுழூ செய்யும் இடத்தில் வயதானவர் உட்கார வசதி உண்டா, சக்கர நாற்காலி போகுமா, இரவு பத்து மணிக்குப் பின்பும் கேட் திறந்திருக்குமா. பிரயாணத்தில் போகிற ஒரு பெண்ணுக்கு இதில் ஒவ்வொன்றும் பெரிய தகவல். ஆண்கள் இதைக் கவனிப்பது குறைவு. நான் பார்த்தவரையில் இந்த விவரங்களைச் சரியாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நம் சகோதரிகள்தான்.

மூன்றாவது நோயும் மருந்தும். கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மஹரகம ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பங்கள் அதிகம். நோயாளிக்குக் கட்டில் கிடைத்தாலும் கூடப் போனவர் எங்கே படுப்பது, கஞ்சி எங்கே காய்ச்சுவது என்பது தனிப் போராட்டம். மூன்று வருடங்களுக்கு முன் என் ராத்தாவை அங்கே கூட்டிப் போக வேண்டி வந்தது. பயணத்துக்கு முந்தின நாள் இரவு தங்குமிடங்களின் ரிவியூக்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். விளம்பரப் படங்களில் எல்லா அறையும் ஒரே மாதிரி மினுங்கின. ஒரு சின்ன இடத்துக்குக் கீழே சிங்களச் சகோதரி ஒருவர் தன் தாயோடு தங்கியதைப் பற்றி எழுதியிருந்தார். படி ஏறத் தேவையில்லை, நோயாளிக்குச் சுடுதண்ணீர் கேட்ட நேரம் கிடைக்கும், பொதுச் சமையலறை உண்டு, மழை பெய்தால் ஓட்டோ வாசல் வரை வராது, குடை கொண்டு போங்கள். அந்தக் குடை விஷயத்தைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் குடையைப் பற்றி யோசிப்பாரா?

நாங்கள் அங்கேதான் தங்கினோம். திரும்பி வந்து நானும் தமிழில் எழுதி வைத்தேன். சுப்ஹுக்கு நடந்து போகக் கூடிய தூரத்தில் பள்ளி உண்டா, நம் சாப்பாடு எங்கே எடுக்கலாம் என்று அந்தச் சகோதரி எழுதாத இரண்டையும் சேர்த்தேன். அடுத்த கிளினிக்குக்குப் போனபோது அந்த வீட்டுக்காரர் சொன்னார்: “மாஸ்டர், நீங்க எழுதினதப் பார்த்துப்போட்டு புத்தளத்துல இருந்து ஒரு குடும்பம் வந்து தங்கிட்டுப் போனாங்க.” அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாது. அந்தச் சிங்களச் சகோதரியையும் தெரியாது. ஆனாலும் மூன்று நோயாளிகளின் வீட்டார் ஒரு சமையலறையைக் கைமாற்றிக் கொண்டோம்.

2022இல் நாடே இதைப் பழகியது. எந்த செட்டில் பெற்றோல் வந்திருக்கிறது, கியூ எங்கே வரை நிற்கிறது, எந்த பாமஸியில் பிரஷர் குளிசை மிச்சம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் சொல்லிக் கொண்டோம். ஜூலையில் கியூ.ஆர். முறை வரும்வரை பலருக்கு வழிகாட்டியாக இருந்தது இந்தப் பகிர்வுதான். நெருக்கடி முடிந்ததும் அந்தச் செய்திகள் ஃபோனுக்குள் புதைந்து போயின. மெப்பில் எழுதியது அப்படி மறைவதில்லை. இடத்தோடு ஒட்டியே நிற்கும், ஐந்து வருடம் கழித்து வருகிறவரும் வாசிக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மூன்று மொழி, ஒரே கடை

நம் நாட்டில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பத்திரிகையை மற்றவர் வாசிப்பது மிகக் குறைவு. ஆனால் ஒரு கொத்துக் கடையின் ரிவியூப் பக்கத்தில் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு கடைக்குக் கீழே காலியிலிருந்து வந்தவர் சிங்களத்தில் எழுதியிருப்பார், யாழ்ப்பாணத்தவர் தமிழில் எழுதியிருப்பார், அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வந்த வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். கீழே உள்ள பொத்தானைத் தட்டினால் கூகுள் மொழிபெயர்த்தும் தருகிறது. மொழிபெயர்ப்பில் சில நேரம் சிரிப்பு வரும், ஆனாலும் கருத்து புரிந்துவிடும். நாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இதனால் இல்லாமல் போகிறது. தமிழிலேயே எழுதலாம், அடுத்தவர் தன் மொழியில் வாசித்துக் கொள்வார்.

இதைப் பெரிய சமாதான முயற்சி என்று நான் மிகைப்படுத்தவில்லை. ஆனால் ‘முஸ்லிம் கடைக்குப் போனோம், பிள்ளைக்குப் பால் சூடாக்கிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை’ என்று முன்பின் தெரியாத ஒரு சிங்களத் தாய் எழுதி வைப்பது சின்ன விஷயமும் அல்ல. அடுத்து வருகிற நூறு பேர் அதை வாசிப்பார்கள். அதை எழுதும்படி எந்த நல்லிணக்கக் குழுவும் அவரைக் கேட்கவில்லை.

பொய் எழுதினால்

இந்தப் பழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளம் எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலை ஒரு உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்தார். நண்பர்களைக் கொண்டு பொய் ரிவியூக்கள் எழுதுவித்தார். இல்லாத அந்த உணவகம் சில மாதங்களில் லண்டனின் முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது. மேசை கேட்டு ஆட்கள் கெஞ்சினார்கள். அவர் அதை ஒரு பகிடியாகச் செய்து தானே அம்பலப்படுத்தினார். ஆனால் வியாபாரமாகவே இதைச் செய்பவர்கள் உண்டு. அதனால்தான் அமெரிக்கா 2024இல் பொய் ரிவியூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்து விதி கொண்டு வந்தது. பிரித்தானியாவும் அதே வருடம் இயற்றிய சட்டத்தில் இதைச் சேர்த்தது.

லண்டனில் பகிடியாக முடிந்தது நமக்கு அப்படி முடியவில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் இருந்த மாக்கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை போடுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். கடைக்காரரை நெருக்கிப் பதில் சொல்ல வைத்த ஒளிப்பதிவு முகநூலில் பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வும் அது வெறும் மாப்பொருள் என்றே சொன்னது. அந்த அறிக்கை வரும்போது வேலை நடந்து முடிந்துவிட்டது. சில நாட்களில் திகனையில் தீ மூண்டது. அரசாங்கம் சுமார் ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

யோசித்துப் பார்த்தால் அந்த ஒளிப்பதிவும் ஒரு கடையைப் பற்றி இணையத்தில் சொல்லப்பட்ட ஒரு கருத்துத்தான். அப்படியானால் ரிவியூவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஃபோனுக்கு ஃபோன் தாவுகிற ஒளிப்பதிவுக்குப் பக்கத்தில் மறுப்புக்கு இடம் இல்லை. அந்தக் கடையில் பத்து வருடம் சாப்பிட்ட சிங்களச் சாரதியின் சாட்சி அங்கே இல்லை. கடைக்காரர் ஆறுதலாக யோசித்து எழுதும் பதில் இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதும் இல்லை. ரிவியூப் பக்கத்தில் இவை நாலும் உண்டு. ஒரு கடைக்கு ஐந்நூறு பேர் நேர்மையாக எழுதி வைத்திருந்தால் ஒரு பொய் வந்து விழும்போது பக்கத்திலேயே ஐந்நூறு சாட்சிகள் இருக்கும். கலவரத்தை ரிவியூ தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தயங்கி நிற்கிற ஒருவருக்கு உண்மையைப் பார்க்க ஒரு இடமாவது இருக்கும் என்கிறேன்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் போட்ட கடைக்கு ஒருவர் வேண்டுமென்றே ஒரு நட்சத்திரம் போட்டால் சராசரி 4.6க்கு இறங்கும். ஐந்நூறு பேர் போட்ட கடைக்கு அதே ஒரு நட்சத்திரம் வந்தால் சராசரி 4.99. கடையை நேசிப்பவர்கள் மௌனமாக இருந்தால் பொய்க்காரரின் குரல் பெரிதாகும்.

புறம் பேசுவதாகாதா?

ரிவியூ எழுதச் சொன்னால் நம்மில் பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். “நல்லதெண்டா எழுதலாம், குறைய எழுதினா கீபத்தாகிப் போகாதா?” கேள்வி பெறுமதியானது. புறம் பேசுவதைப் பற்றி ஸூறா ஹுஜுராத் எச்சரிக்கும் கடுமை நமக்குத் தெரியும். அதே அத்தியாயம்தான் ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்கும்படியும் சொல்கிறது.

இமாம் நவவி, இல்லாதவரின் குறையைச் சொல்வது அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை எண்ணிக் காட்டுகிறார். மற்றவர்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும், ஆலோசனை கேட்டவருக்கு உண்மையைச் சொல்வதும் அவற்றில் அடங்கும். பாத்திமா பின்த் கைஸ் (ரழி) தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் இருவரிடமும் உள்ள குறையை மறைக்காமல் சொன்ன சம்பவம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்த அனுமதி தேவையின் அளவுக்குத்தான். குடிக்கும் தண்ணீர் சுத்தமில்லை என்பது தேவை. முதலாளியின் குடும்பக் கதை தேவையில்லை. பரிமாறிய பையனின் பெயரைப் போட்டு, படத்தையும் போட்டு அவன் வேலையைப் பறிப்பது நிச்சயமாகத் தேவையில்லை.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை எடைபோட நம் முன்னோர் ஒரு முழு அறிவுத்துறையையே உருவாக்கினார்கள். சொன்னவர் யார், நேரில் கேட்டாரா, ஞாபகசக்தி எப்படி, ஒருதலைப்பட்சமானவரா என்று பார்த்தார்கள். கொத்து ரொட்டியை ஹதீஸோடு ஒப்பிடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

வாசிப்பதும் எழுதுவதும்

வாசிக்கும்போது நான் பார்ப்பவை சில. முதலில் சராசரியை விட எண்ணிக்கை. எட்டுப் பேர் சேர்ந்து கொடுத்த 4.9ஐ விடத் தொள்ளாயிரம் பேர் கொடுத்த 4.2 எனக்குப் பெரிது. அடுத்தது திகதி. சமையற்காரர் மாறினால் கடையே மாறிவிடும், ஆகவே ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்திப் பார்ப்பேன். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட மூன்று நட்சத்திரக்காரர் சொல்வதை ஊன்றி வாசிப்பேன், அவர்தான் நிறையையும் குறையையும் சேர்த்துச் சொல்வார். ஒரே கிழமையில் ஒரே மாதிரி வசனங்களில் பத்துப் பாராட்டு வந்திருந்தால் சந்தேகப்படுவேன். எழுதியவரின் பெயரைத் தட்டிப் பார்த்து, அவர் வேறு எங்கும் எழுதாமல் இந்த ஒரு கடைக்கு மட்டும் வந்தவரா என்றும் பார்ப்பேன்.

எழுதும்போது ‘சூப்பர்’, ‘மோசம்’ என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை. ஒரு உதாரணம் தருகிறேன்:

“வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு குடும்பமா அஞ்சு பேர் போனோம். கோழிப் புரியாணி நல்லம், உறைப்புக் கூட, சின்னப் புள்ளைகளுக்கு ஏலாது. பொம்பிளைகள் இரிக்க மேல்மாடியில தனி இடம் இரிக்கி, ஆனா படி ஒடுக்கம். கை கழுவுற இடத்துல சவுக்காரம் இல்ல, சொன்னோம், உடனே வெச்சாங்க. காட் எடுக்க மாட்டாங்க, காசுதான். வாகனம் நிப்பாட்ட எதிர்ப்பக்கம் இடம் இரிக்கி.”

இதில் போன நாள் இருக்கிறது, பாராட்டு இருக்கிறது, குறையும் இருக்கிறது. குறையைச் சொன்னதும் திருத்தினார்கள் என்ற நியாயமும் இருக்கிறது. ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேச்சுத்தமிழில் எழுதியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. குறையை எழுதுவதற்கு முன் கடைக்காரரிடம் நேரில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். பாதிக் குறைகள் அங்கேயே முடிந்துவிடும். பின்னால் போய்ப் பார்த்துத் திருந்தியிருந்தால் பழைய ரிவியூவையும் மாற்றி எழுத வேண்டும். அது கடைக்காரரின் ஹக்கு.

படம் எடுப்பதில் கவனம் வேண்டும். சாப்பாட்டையும் பெயர்ப்பலகையையும் விலைப்பட்டியலையும் எடுக்கலாம். பக்கத்து மேசைப் பெண்களும் பிள்ளைகளும் அதில் விழக் கூடாது. நாம் எங்கெங்கே போனோம் என்பதை ரிவியூக்கள் ஊருக்கே காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதனால் நான் அங்கே இருக்கும்போது எழுதுவதில்லை, வீடு வந்த பிறகுதான் எழுதுவேன். தன் பக்கத்தை மற்றவர் பார்க்காமல் மட்டுப்படுத்தும் வசதியும் உண்டு, பெண்பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவது நல்லது.

இதற்குக் கூலி உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை. கூகுள் 2015இல் ஆரம்பித்த ‘லோக்கல் கைட்ஸ்’ திட்டத்தில் ஒரு ரிவியூவுக்குப் பத்துப் புள்ளி, படத்துக்கு ஐந்து புள்ளி என்று சேரும். பத்தாம் படிக்குப் போக ஒரு இலட்சம் புள்ளி வேண்டும். அதைக் கொண்டு கடையில் ஒரு பிளேன்டீயும் குடிக்க முடியாது. நம் உழைப்பில் அந்தக் கம்பனி விளம்பரக் காசு பார்க்கிறது என்ற விமர்சனமும் சரியானதுதான். ஆனால் என் குறிப்பால் பயன்பெறுகிறவர் புத்தளத்திலிருந்து வரும் குடும்பம் என்பதால் அந்தக் கணக்கை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ரிவியூவால் ஆகாத வேலையும் உண்டு. பழுதான இறைச்சி, காலம் முடிந்த பொருள், அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது போன்றவற்றுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு ஆறுதல் அடைய முடியாது. உணவுச் சுத்தம் என்றால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது நம் பி.எச்.ஐ.யிடம், சொல்ல வேண்டும். விலை விவகாரத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு சொல்

உங்கள் கடையை மெப்பில் உங்கள் பெயரில் பதிந்து கொள்வதற்குக் காசு இல்லை. பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். ஒரே கடைக்கு ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டி மூன்று புள்ளிகள் மெப்பில் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் எதை நம்புவது? வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் பூட்டித் திறப்பீர்கள், நோன்பு மாதத்தில் என்ன நேரம் என்பதை மாற்றி வையுங்கள். குறை எழுதியவரோடு சண்டை பிடிக்காதீர்கள். உங்கள் பதிலை வாசிக்கப் போவது அவர் ஒருவர் மட்டுமல்ல. “மன்னிக்கணும், அண்டைக்குக் கரண்ட் இல்ல, அடுத்த முறை வாங்க” என்ற ஒரு வரி பத்துப் பாராட்டுக்குச் சமம். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு கிளாஸ் ஃபலூடா இலவசம் என்று மட்டும் பலகை வைக்க வேண்டாம். அது கூகுளின் விதிக்கும் முரண், அமானிதத்துக்கும் முரண்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் ஊர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை இன்னும் குறைவு. இந்த மாதத்துக்குள் உங்கள் ஊரில் மூன்று இடங்களுக்கு நாலு நாலு வரி எழுதிப் பாருங்கள். ஒன்று, நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற சாப்பாட்டுக் கடை. இரண்டு, இரவில் கடைசியாகப் பூட்டுகிற பாமஸி. மூன்று, பெண்கள் தொழ வசதியுள்ள பள்ளிவாசல். அதை யார் வாசிக்கப் போகிறார் என்று உங்களுக்குத் தெரிய வராது. நோயாளியோடு நடுச்சாமத்தில் உங்கள் ஊரில் வந்து இறங்குகிற ஒருவராக அவர் இருக்கக் கூடும்.